மேல்மாடியில் ஒரு ஜன்னல் சீட்

என்ன ஆனாலும் சரி, இந்தத் தடவை நான் மேலேதான் உட்காரப்போகிறேன் என்று முடிவு செய்தேன். குளியலறையில், முகமெல்லாம் சோப்பு, கண்ணை இறுக மூடிக்கொண்டு எடுத்த முடிவு. எங்கள் வீட்டில் நான் சுதந்திரமாக முடிவெடுக்கிற இடம் அது ஒன்றுதான். அதுவும் வெளியிலிருந்து யாராவது கதவைத் தட்டுகிற வரைக்கும்தான்.

மேலே என்றால் விமானத்தில் மேலே. கூரைமேல் இல்லை, மேல்மாடியில். இரண்டு மாடி விமானம் என்று ஒன்று உலகத்தில் பறந்துகொண்டிருக்கிறது. முன்னாலிருந்து பின்னால்வரை முழுசாக இரண்டு தளம், நாலு எஞ்சின், உள்ளே ஏறி இறங்க மாடிப்படி. அதைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். இப்போது அதை ஓட்டுகிற கம்பெனிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் எண்ணியிருக்கிறேன். எந்தக் கம்பெனி மேல்மாடியை முழுக்கப் பணக்காரர்களுக்கே கொடுத்துவிடும், எது பின்பக்கத்தில் நம்மைப் போன்றவர்களுக்கும் கொஞ்சம் இடம் விடும், எதில் ஆகாயத்தில் குளிக்க அறை இருக்கிறது, எது கொரோனா காலத்தில் ஓரங்கட்டிவிட்டுப் பிறகு மனசு கேட்காமல் மறுபடி கூட்டிவந்தது, எல்லாம் எனக்கு அத்துப்படி. மனைவியின் பிறந்தநாள் மட்டும்தான் அடிக்கடி மறந்துபோகும்.

நான் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மற்றவர்களை மேலே அனுப்புகிற உத்தியோகம். நான் இருப்பதோ பெரும்பாலும் லிஃப்டுக்கு அடியில் உள்ள பள்ளத்தில், கையில் கிரீஸோடு. சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் அதுவும் தரைத்தளம். கோபித்துக்கொண்டு மாடிக்குப் போகிற வசதியுள்ள கணவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். நான் கோபித்துக்கொண்டால் ஹாலிலிருந்து அடுப்படிக்குத்தான் போக முடியும். அங்கே அவள் இருப்பாள்.

இப்படிப்பட்டவனுக்கு, ஒரு பகல் முழுக்க மேல்மாடியில், ஜன்னலோரத்தில், யாரும் கூப்பிட முடியாத உயரத்தில் தனியாக உட்கார ஒரு வாய்ப்பு வந்தது. சின்னம்மா ரூபத்தில் வந்தது.

சின்னம்மா என் மாமியாரின் தங்கை. கடல் தாண்டி எங்கேயோ இருக்கிறார். வாரம் தவறாமல் போன் செய்வார். அக்காவும் தங்கையும் ஒரே அச்சு. ஒரே ஒரு வித்தியாசம், மாமியார் பேச்சுக்கு நடுவில் மூச்சு விடுவார். அவரைப் பார்க்க எல்லோருமாகப் போவது என்று தீர்மானம் ஆயிற்று. எல்லோரும் என்றால் மாமியார், மச்சான், என் மனைவி, பெட்டி தூக்க நான்.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவியின் அண்ணன். தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் விற்கிறவர். நீங்கள் எந்த விஷயத்தை வேண்டுமானாலும் எடுங்கள், பேச்சு தண்ணீருக்கு வந்து சேரும். என் கல்யாண போட்டோவைக் காட்டி, "அன்னிக்கு இவர் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு தெரியுமா? மண்டபத்துத் தண்ணி அப்படி" என்று விருந்தாளிகளிடம் விளக்குவார்.

டிக்கெட் போடுகிற பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்போதே வீட்டில் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் எதையும் கேட்டு வாங்குகிறவன் அல்ல.

நேராகப் போகிற ஒரு மாடி விமானம் இருந்தது. வழியில் இறங்கி, காத்திருந்து, அங்கிருந்து இரண்டு மாடி விமானத்தில் போகிற சுற்றுவழியும் இருந்தது. எந்த மனுஷனும் முதலாவதைத்தான் எடுப்பான். நான் மாமியாரிடம் போய், பெரிய விமானம் என்றால் ஆட்டமே இருக்காது, வீட்டு சோபாவில் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்றேன். விமானம் என்றாலே கை நடுங்குகிறவர் அவர். அந்த நிமிஷமே பெரிய விமானத்தின் பக்கம் சாய்ந்துவிட்டார். மாமியார் சாய்ந்தால் வீடே சாய்ந்த மாதிரி.

மிச்சம் இருந்தது என் மனைவி. அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். டாக்டரைப் பார்க்க நேரம் ஒதுக்குவது அவள்தான். காலையில் வரவேண்டியவரைச் சாயந்திரத்துக்கு மாற்றுவாள். அவர் தானே விரும்பி மாறிக்கொண்டதாக நினைத்து, நன்றி வேறு சொல்லிவிட்டுப் போவார். அவளுக்கு ஒரு தொழில் ரகசியம் உண்டு. சாப்பிடும்போது பல தடவை சொல்லியிருக்கிறாள். "எனக்கு அவசரமே இல்லம்மா, மத்தவங்களை முதல்ல அனுப்புங்கன்னு பெருந்தன்மையா பேசுறாரு பாருங்க, அவரு மேலதான் ஒரு கண்ணு வெச்சிருக்கணும். நாம அந்தப் பக்கம் திரும்பினா டாக்டர் நாற்காலியில வாயைத் திறந்துட்டு உக்காந்திருப்பாரு."

ஒவ்வொரு தடவையும் நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். ஒரு தடவை யோசித்திருக்கலாம்.

அன்று சாயந்திரம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நாலு பேருக்கும் ஒண்ணா இடம் கிடைக்குமா?"

"அதான் எனக்கும் கவலையா இருக்கு."

போனில் விமானத்தின் உள்படத்தைக் காட்டினேன். கீழ்த்தளத்தில் வரிசைக்கு இந்த ஓரம் மூன்று சீட், அந்த ஓரம் மூன்று சீட், நடுவில் நாலு சீட். நாலு பேர் குடும்பத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி நாலு. ஆகவே நான் போனைப் பிடித்த விதத்தில் என் கட்டைவிரல் சரியாக நடுவில் படுத்திருந்தது.

"பாரு, இங்க மூணு. அங்க மூணு. நாம நாலு பேர்."

"நடுவுல?"

"நடுவுல வழி."

"இவ்வளவு அகலமா?"

"பெரிய விமானம் இல்லையா."

அவள் போனைப் பார்த்தாள். என் கட்டைவிரலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். அந்தச் சரி அவ்வளவு சீக்கிரம் வந்ததில் எனக்குக் கொஞ்சம் உதைத்தது. ஆனால் சந்தோஷத்தில் இருக்கிறவனுக்கு உதையெல்லாம் வலிக்காது.

அன்றே டிக்கெட் போட்டேன். அவர்கள் மூவருக்கும் கீழே ஓரத்து மூன்று சீட். எனக்கு மேல்மாடியில் ஜன்னலோரம். மேலே ஓரத்தில் இரண்டே சீட்தான். ஜன்னலுக்கும் சீட்டுக்கும் நடுவில் மூடி போட்ட சின்னப் பெட்டி ஒன்று இருக்கும், அதில் செருப்பிலிருந்து சில்லறைச் சாமான் வரைக்கும் வைத்துக்கொள்ளலாம். அதைப் பற்றி நான் அவளிடம் முன்பே பல தடவை சொல்லியிருக்கிறேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே.

திருட்டுத்தனம் செய்தவன் அதோடு அடங்கியிருக்கலாம். எனக்குள் ஒரு நடிகன் இருக்கிறான். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் எல்லோர் முன்னாலும் பெருமூச்சு விட்டேன். மூன்று சீட்தான் ஒன்றாகக் கிடைத்தது, குடும்பம் சேர்ந்து இருக்கட்டும், நான் எங்கேயோ ஒரு மூலையில் தனியாக வந்துகொள்கிறேன் என்றேன். மாமியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. மாப்பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மச்சானைப் பார்த்துச் சொன்னார். மச்சான், உணர்ச்சிவசப்படும்போது நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு டம்ளர் ஊற்றினார்.

அந்தப் பாராட்டு எனக்குத் தலைக்கேறியது. அதற்குப் பிறகு தினமும் ஏதாவது ஒரு காட்சி. நான் இல்லாமல் அத்தை கையை யார் பிடித்துக்கொள்வார்கள் என்பேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவேன். என் மனைவி தட்டை எடுத்து வைப்பாள். புறப்படுவதற்கு முன்னால் உச்சக்கட்டமாக ஒரு வசனம் பேசினேன். "யாராவது ஒருத்தர் என்னோட இடம் மாத்திக்கிட்டா, நான் ஓடிவந்து உங்க நடுவுல உக்காந்துடுவேன் அத்தை."

கழுத்துத் தலையணையும், கண்ணை மூடிக்கொள்கிற கறுப்புப் பட்டியும் வாங்கிப் பையின் அடியில் ஒளித்து வைத்திருந்தேன். அதை யாரும் பார்க்கவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

முதல் விமானத்தில் ஒன்றும் விசேஷம் இல்லை. மாறுகிற விமான நிலையத்தில், கண்ணாடிக்கு வெளியே அது நின்றுகொண்டிருந்தது. என்ன உடம்பு. இரண்டு வரிசை ஜன்னல். பக்கத்தில் நின்ற மற்ற விமானங்களெல்லாம் அதற்கு மரியாதை கொடுத்து ஒதுங்கி நின்ற மாதிரி இருந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், கண்ணாடியில் மூக்கு ஒட்டுகிற வரைக்கும் கிட்டப் போய் நின்றுவிட்டேன். சின்ன வயதிலிருந்து மொட்டைமாடிகளில் நின்று அண்ணாந்து பார்த்தவன் நான்.

"ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு என் மனைவி கவுண்டரை நோக்கி நடந்தாள். எதற்கு என்று புரிவதற்குள் அவள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பேரும் நாள் முழுக்க மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ஜனங்களை இடம் மாற்றுகிறவர்கள். ஒரு பார்வையிலேயே சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

"ஒரு சின்ன உதவிங்க. இவரு சீட் மேல. எங்க மூணு பேருக்கும் கீழ. எங்கம்மாவைப் பிரிஞ்சு உக்காரணுமேன்னு கொஞ்ச நாளா இவரு சரியா சாப்பிடறதே இல்ல."

"பரவாயில்ல, பரவாயில்ல" என்றேன் நான். "ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கு. அவங்க வேலையைக் கெடுக்காதே."

மாமியாரும் வந்து சேர்ந்தார். சாட்சி சொல்ல யாரும் கூப்பிடவே இல்லை. "ஆமாம்மா. இடம் மாத்திக்கிட்டா ஓடி வந்துடுவேன்னு அவர் வாயாலேயே சொன்னாரு" என்றார்.

"அதனால நான் தியாகம் பண்றதா முடிவு பண்ணிட்டேன்" என்றாள் மனைவி. "என் இடத்துல இவரை உக்கார வைங்க. அந்த மேல் சீட்டுல நான் எப்படியோ தனியா சமாளிச்சுக்கறேன்."

நான் வாயைத் திறந்தேன். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் இத்தனை நாள் விட்ட பெருமூச்சுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். திறந்த வாயை அப்படியே மூடினேன்.

"ஒரே குடும்பம்தானே, மாத்திடலாம்" என்றாள் கவுண்டர் பெண், விரல் தட்டிக்கொண்டே. பிறகு என் முகத்தைப் பார்த்து இரங்கிவிட்டாள். "சார் கண்ணு கலங்கிடுச்சு பாருங்க."

கலங்கியது உண்மைதான்.

அந்த விமானத்தில் ஏறுவதற்கே மேலே ஒரு வழி, கீழே ஒரு வழி. ஓரிடத்தில் பாதை பிரிந்தது. அவள் கைப்பையை மட்டும் மாட்டிக்கொண்டு, ஒரு தடவை திரும்பிக் கையசைத்துவிட்டு, மேல்பக்கம் போகிற சரிவில் ஏறிப் போனாள். எங்கள் வீட்டில் மேலிடம் எது என்று எனக்குக் கல்யாணத்தன்றே தெரியும். அதற்கு இப்படி ஒரு தனிப் பாதையே போட்டு வைத்திருப்பார்கள் என்று தெரியாது.

கீழே நடு சீட்டில் என்னை உட்கார வைத்தார்கள். ஜன்னல் பக்கம் மாமியார். அவர் ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டார். இந்தப் பக்கம் மச்சான். விமானம் ஓட ஆரம்பித்ததும் மாமியார் என் இடது கையைப் பிடித்தார். இரண்டு கையாலும் பிடித்தார். நான் இத்தனை வருஷமாகத் திருகிய எந்த நட்டும் அவ்வளவு இறுக்கமாக இருந்ததில்லை. மச்சான் என் வலது காதைப் பிடித்துக்கொண்டார், பேச்சால்.

கொஞ்ச நேரத்தில் மாமியார் எட்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, அங்க நடுவுல நாலு சீட் ஒண்ணா இருக்கே. வழின்னுதானே சொன்னீங்களாம்?"

"அது... புதுசா போட்டிருப்பாங்க அத்தை."

அந்த நாலு சீட்டில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டுக் கணவன் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவன் கட்டைவிரலை அவன் ஒழுங்காக வைத்திருந்திருப்பான்.

விமானம் ஒரு இடத்தில் லேசாகக் குலுங்கியது. "ஆடாதுன்னீங்களே" என்று மாமியார் இன்னொரு சுற்று இறுக்கினார். மச்சான், குலுங்கும்போது டாங்கில் இருக்கிற தண்ணீரின் நிலைமை என்ன என்று தொடங்கினார். சாப்பாடு வந்தது. ஒரு கை மாமியாரிடம் இருந்ததால் ஒற்றைக் கையால் தின்றேன். மேலே ஒரு ஜன்னலோரச் சீட்டும், மூடி போட்ட ஒரு சின்னப் பெட்டியும் என் நினைவாக இருப்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிக் கையை மீட்டுக்கொண்டு எழுந்தேன். நேராக விமானத்தின் பின்பக்கம் போனேன். அங்கே அந்த மாடிப்படி, வளைந்து வளைந்து மேலே போகிறது. படத்தில் எத்தனை தடவை பார்த்திருப்பேன். முதல் படியில் கால் வைத்தேன். பணியில் இருந்த தமிழ் இளைஞர் ஒருவர் மிகவும் பணிவாகக் குறுக்கே வந்தார். என் சீட் கீழே என்றார்.

"தம்பி, நான் லிஃப்ட் மெக்கானிக்" என்றேன். எந்தக் கட்டடத்திலும் இதைச் சொன்னால் வழி விடுவார்கள்.

"இங்கயும் லிஃப்ட் இருக்கு சார். சாப்பாடு மேல அனுப்பறதுக்கு. நல்லாத்தான் ஓடுது."

எனக்கு நெஞ்சே வலித்தது. மேலே போக எல்லாவற்றுக்கும் அனுமதி இருக்கிறது, நாலு பேர் சாப்பிட்டு மிச்சம் வைக்கிற குழம்புக்குக்கூட. எனக்குத்தான் இல்லை.

அப்போது மேலேயிருந்து காலடிச் சத்தம் கேட்டது. என் மனைவி பாதிப் படி இறங்கி வந்து நின்றாள். தலைமுடியைத் தளர்த்தி விட்டிருந்தாள். முகம் தூங்கி எழுந்த மாதிரித் தெளிவாக இருந்தது.

"நல்லவேளை இங்கயே இருக்கீங்க. உங்க பைக்குள்ள, அடியில, கழுத்துத் தலையணையும் கண்பட்டியும் இருக்கும். எடுத்துக் குடுங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பையை அடுக்கினது யாரு?"

நான் குரலைத் தாழ்த்தினேன். "அப்ப அன்னிக்கே எல்லாம் தெரியுமா?"

"நாலு சீட்டு ஒரு கட்டைவிரலுக்கு அடியில மறையுமாங்க? ரெண்டு பக்கமும் கொஞ்சம் துருத்திட்டு இருந்துச்சு." அவள் சிரிக்கவில்லை. "எனக்கு மேல்மாடி காலின்னு நினைச்சீங்க. பரவாயில்ல, இப்ப ரொம்பிடுச்சு."

"சொல்லியிருந்தா நானே குடுத்திருப்பேனே."

"குடுத்திருக்க மாட்டீங்க." பிறகு அவள் குரல் கொஞ்சம் மாறியது. "ஆஸ்பத்திரியில நாள் முழுக்க ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வந்து நிப்பாங்க. வீட்டுக்கு வந்தா நீங்க, அம்மா, போன்ல சின்னம்மா. ஒரு காபியைச் சூடா, தனியா, முழுசா குடிச்சு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? இன்னிக்கு மேல ஜன்னலோரமா உக்காந்து குடிச்சேன். கீழ மேகம். பக்கத்து சீட் காலி. நீங்க சொன்னது நிஜந்தாங்க, அந்தப் பெட்டியில செருப்பு அழகா உக்காருது."

கோபம் வர வேண்டிய இடத்தில் கோபம் வராமல், அவள் அந்தக் காபியைக் குடித்தது எனக்குப் பிடித்திருந்தது. இது ஒரு கணவனுக்கு எவ்வளவு ஆபத்தான நிலை என்று யோசியுங்கள். போய்த் தலையணையையும் கண்பட்டியையும் எடுத்து வந்து கொடுத்தேன். பையில் ஒரு சாக்லேட்டும் ஒளித்து வைத்திருந்தேன். அதையும் கொடுத்தேன்.

"இது தெரியும்" என்று வாங்கிக்கொண்டு மேலே போனாள்.

மிச்சப் பகலை மாமியார் கைக்கும் மச்சான் வாய்க்கும் நடுவில் கழித்தேன். இறங்கியபோது என் இடது கைக்கு உணர்ச்சி இல்லை. வலது காதில் தண்ணீர் ஓடுகிற சத்தம். பெட்டிகள் வருகிற இடத்தில் அவள் எங்களுக்காகக் காத்திருந்தாள், கல்யாணத்தன்று இருந்ததைவிட இளமையாக. வண்டியைத் தள்ளிக்கொண்டே, போகிற போக்கில் கேட்பது மாதிரிக் கேட்டேன்.

"திரும்பி வர்றப்ப எப்படி? மறுபடியும் பிரிஞ்சுதான் உக்காரணுமா?"

"சேச்சே. திரும்பறதுக்கு நானே நேத்து மாத்திப் போட்டுட்டேன். உங்க வழி இருக்குல்ல, நடுவுல, அகலமா, அதை முழுசா எடுத்தாச்சு. நாலு சீட்டும் ஒண்ணா."

நாலு. நாங்கள் நாலு பேர். என் மனசு குளிர்ந்துவிட்டது. மேல்மாடி போனால் போகட்டும், காபி குடித்தது போதும் என்று என் பக்கத்தில் உட்கார வருகிறாளே. இந்த ஜன்மத்தில் இதற்குமேல் என்ன வேண்டும்? அவள் கைப்பையையும் நானே வாங்கி மாட்டிக்கொண்டேன். "அப்ப நீ என் பக்கத்துலதான்" என்றேன்.

கதவு திறந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம், இரண்டு கையையும் வீசிக்கொண்டு, அங்கிருந்தே பேச ஆரம்பித்திருந்தார் சின்னம்மா.

என் மனைவி கட்டைவிரலை நீட்டிக் காட்டினாள். "அதோ நிக்கறாங்க பாருங்க, உங்க நாலாவது சீட்டு. நம்மகூடதான் வர்றாங்க. நான் எப்படியோ மேல தனியா சமாளிச்சுக்கறேன்."